மூன்றாவது மைக்

பாம்பன் சின்னப்பாலத்தில் நாங்கள் இறங்கியபோது
மதியம் மூன்று மணி.
வாடைக்காற்று.
மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி மாட்டியும்
கடல் உள்ளே வந்துவிட்டது.

அவள் பெயர் சுகப்பிரியா.
நிகழ்ச்சியில் ப்ரியா.
முன்பாதியை யார் வெட்டினார்களோ,
நான் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்தது.

'ஊரில் ஒரு நாள்' பகுதிக்கு ஏழு நிமிடம்.
அம்மா நம்புத்தாய் பாசி எடுப்பது கட்டாயம் வேண்டும்.
அது கடலுக்குள் போகிற நாளில்லை.
இருந்தாலும் இறங்கினாள், இரண்டு முறை;
முதல் முறை வெளிச்சம் சரியில்லையாம்.
விரல்களில் சுற்றிய துணி சொட்டச் சொட்ட
மரிக்கொழுந்துப் பாசியைத் தூக்கிக் காட்டினாள்.
'இது எதுக்கும்மா ஆகும்?'
'ஜெல்லி செய்வாகளாம் தம்பி.
தின்னா ஒடம்பு போடாதாம்.'
இயக்குநர் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு சாப்பாடு.
எல்லாரும் வட்டமாக, நடுவில் ஓரா மீன் குழம்பு.
'அம்மா ஊட்டட்டும், ப்ரியா. வாயைத் திற.
இன்னொரு தடவை. கை மறைக்குது.
இன்னொரு தடவை.'
நாலு டேக்.
நாலு உருண்டை சோறு அவளுக்கு என்ன என்று
வந்திருந்த ஒன்பது பேரில் எவருக்குத் தெரியாது?
மூன்று வாரமாக வேனில் அதுதான் பேச்சு.
நடுவர் சிரித்துக்கொண்டே சொன்னாரே,
'காற்றில் ஆடணும்னா கொஞ்சம் லேசாகணும்',
அன்றைக்குத் தொடங்கியது என்பார்கள் சிலர்.
அதற்கு முன்னாலேயே என்பார்கள் சிலர்.
அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு எபிசோட் ஒதுக்கியிருந்தது.

எழுந்து கொல்லைப் பக்கம் போனாள்.
இடுப்பில் பேட்டரி, துப்பட்டாவுக்குள் என் மூன்றாவது மைக்.
கழற்றி வாங்கியிருக்க வேண்டும்.
இல்லை, ஃபேடரையாவது இறக்கியிருக்கலாம்,
ஒரு விரல் வேலை.
விரல் அதன் மேல்தான் இருந்தது.

தகரக் கதவு. குழாய்.
அதற்குப் பிறகு கேட்டதை
இங்கே எழுதப் போவதில்லை.
எழுதினால் இதுவும் ஒரு மைக்.

அதைப் போட்டார்கள்.
படம் இல்லாமல், கருந்திரையில், கண்ணியம் கருதி.
என் ஒலி மட்டும்; அடியில் வயலின்.
மஞ்சள் எழுத்தில் எடை,
இத்தனையிலிருந்து இத்தனை.
அடியில் ஓர் உதவி எண்
படித்து முடிப்பதற்குள் ஓடிப்போனது.
இடைவேளையில் பிரியாணி மசாலா.

நன்மை நடந்திருக்கிறது என்றார்கள் கூட்டத்தில்.
தாய்மார்கள் எழுதியிருந்தார்கள், எங்கள் வீட்டிலும் என்று.
பொய்யில்லை. ஒரு கடிதம் நானே படித்தேன்,
மடித்த இடத்தில் மை கரைந்திருந்தது.

உச்சிப்புளியில் என் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு,
'அவுங்க எப்படி மாமா செஞ்சாங்க?' என்றாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அந்த மஞ்சள் எண்.
சுற்றிக் கட்டம் வேறு போட்டிருந்தாள், அளவுகோல் வைத்து.
எண்ணையும் சொல்ல மாட்டேன்.
நோட்டை மூடி வைத்தேன்,
மூடினால் போதும் என்பதுபோல.

எந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பும்
ஒரு நிமிடம் யாரும் பேசாமல் நிற்போம்.
அந்த இடத்தின் மௌனத்தைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்,
வெட்டிய தழும்பு தெரியாமல் ஒட்டுவதற்கு.
சின்னப்பாலத்தின் நிமிடம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
படகுக் கயிறு கம்பில் தட்டுகிறது.
பாலத்தின் மேல் ஏதோ ரயில்.
நாற்பதாவது விநாடியில் நம்புத்தாய்,
பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால்
பாதி மூச்சில்,
'சுகம்?'
வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

'சத்தம் வந்துருச்சு, இன்னொண்ணு எடு' என்றார் இயக்குநர்.
எடுத்தேன்.

பத்தாம் தேதி சம்பளம் வந்தது.
பைக்குக்குப் பின் டயர் மாற்றினேன்.